சிலருடைய பலவீனத்துக்காக: சீர்திருத்த சபையும் எழுப்புதலும் பந்திப் பாகுபாடும்



ஒரு தலித் இலக்கிய மேடையில், அதுவும் ஒரு நினைவுச் சொற்பொழிவில், சீர்திருத்த இறையியல் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் இலக்கியத்துக்கும் ஆலயத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அது திறந்து காட்டிய வாசல்களில் ஒன்று கன்னியர் மடத்தின் வாசல். நம்மில் பலருக்கு எழுத்தும் படிப்பும் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிடைத்தன. அவமானமும் சில வேளை அதே வளாகத்தில் கிடைத்தது. ஆகவே சபையைப் பற்றிப் பேசுவது நமக்கு வெளி விவகாரம் அல்ல. கிறிஸ்தவர்களாகவும் பௌத்தர்களாகவும் எந்த மதமும் வேண்டாதவர்களாகவும் இங்கே அமர்ந்திருக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரு கேள்வி இதில் இருக்கிறது.

திருச்சபைக்குள் சாதி இருப்பது ஒரு கெட்ட பழக்கமா? அல்லது அந்தச் சபை அறிக்கையிடும் விசுவாசத்தையே மறுதலிப்பதா? இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. கெட்ட பழக்கம் என்றால் அதற்குக் காலக்கெடு இல்லை. படிப்பு வளர்ந்தால் மாறும், அடுத்த தலைமுறையில் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே நூறு ஆண்டு ஓட்டலாம். விசுவாச மறுதலிப்பு என்றால் அடுத்த ஞாயிறு வரைகூடக் காத்திருக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு திருவிருந்து கொடுக்கவோ வாங்கவோ முடியாது.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்து, எழுத்தில் பதில் சொன்ன ஒரு சபை உண்டு. அது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. பதில் சொன்னவர்கள் பின் பெஞ்சிலிருந்தும், பிறகு ஆலயத்துக்கு வெளியேயும் அனுப்பப்பட்டவர்கள்.

மேசை பிரிந்த கதை

சீர்திருத்த சபை என்பது 16ஆம் நூற்றாண்டில் சூரிச், ஜெனீவா நகரங்களில் கிளைத்து, ஜான் கால்வினின் எழுத்தால் உருப்பெற்று, நெதர்லாந்து, ஸ்காட்லாந்து என்று பரவிய மரபு. லூத்தரன் மரபிலிருந்தும் ஆங்கிலிக்கன் மரபிலிருந்தும் அது பல விதங்களில் வேறுபட்டது. கடவுளே முழு இறையாண்மை உடையவர். மனிதரின் மீட்பு அவருடைய கிருபையால் மட்டுமே. யாரும் தன் பிறப்பையோ தகுதியையோ காட்டி அவர்முன் நிற்க முடியாது. இது அதன் நடுநாயகமான போதனை. சீர்திருத்தப்பட்ட சபை வேத வசனத்தின்படி மேலும் மேலும் சீர்திருத்தப்பட வேண்டும் என்பதும் அந்த மரபில் அடிக்கடி சொல்லப்படும் வாசகம். பிறப்பால் பெருமை இல்லை என்று இவ்வளவு அழுத்திச் சொன்ன ஒரு மரபு பிறப்பின்படி மேசையைப் பிரித்தது எப்படி?

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தது. கப்பலோடு சபையும் இறங்கியது. அடிமைகளும் மண்ணின் மக்களும் ஞானஸ்நானம் பெற்றபோது திருவிருந்தில் யாருக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தது. 1829இல் கேப் சினாடு தெளிவாகவே பதில் சொன்னது: நிறமோ பிறப்போ பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்கப்பட வேண்டும். விவாதத்துக்கே இடமில்லாத கொள்கை என்று அதைச் சொன்னார்கள்.

28 ஆண்டுகள் கழித்து, 1857இல், அதே சினாடு இன்னொரு தீர்மானம் போட்டது. மண்ணின் மக்களிலிருந்து வருகிறவர்கள் ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்ளப்படுவதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஒத்தது என்று தீர்மானம் தொடங்கியது. சிலருடைய பலவீனத்தினால் அது கிறிஸ்துவின் பணிக்குத் தடையாக இருக்குமானால், அப்படிப்பட்டவர்கள் தங்கள் கிறிஸ்தவச் சலுகைகளைத் தனிக் கட்டடத்தில் அனுபவிக்கலாம் என்று முடிந்தது.

இந்தத் தீர்மானத்தை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். அதில் வெறுப்பான சொல் ஒன்றுகூட இல்லை. கொள்கையில் ஒற்றுமைதான் சரி என்று அது ஒப்புக்கொள்கிறது. விதிவிலக்குதான் கேட்கிறது. அந்த விதிவிலக்குக்குக் காரணம் 'பலவீனம்'. யாருடைய பலவீனம்? நிலமும் துப்பாக்கியும் கையில் வைத்திருந்த வெள்ளையர்களின் பலவீனம். பலவீனமுள்ள சகோதரனுக்கு இடறலாக நடக்காதே என்று பவுல் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதியது சாப்பாட்டு விவகாரத்தில். அதை எடுத்து, பக்கத்தில் உட்கார மறுக்கிறவன் பலவீனன், அவன் மனம் நோகக்கூடாது என்று மாற்றினார்கள். வெளியே போக வேண்டியவர்கள் பலவான்களாக ஆக்கப்பட்டார்கள்.

இந்தத் தர்க்கம் நமக்குப் பழக்கமானது. "அவங்க மனசு கஷ்டப்படும், நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்ற பேச்சை ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டிருக்கிறோம். சேகரக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறோம். கொள்கையை யாரும் மறுக்க மாட்டார்கள். சமயம் பார்த்து, பக்குவமாக என்பார்கள். 1857இன் விதிவிலக்கு 24 ஆண்டுகளில் விதியானது. 1881இல், கலப்பினத்தார் என்று வகைப்படுத்தப்பட்ட மக்களுக்காக டச்சுச் சீர்திருத்த மிஷன் சபை தனியாக அமைக்கப்பட்டது. பிறகு கறுப்பின மக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் தனித்தனிச் சபைகள் உண்டாயின. ஒரே விசுவாச அறிக்கை, ஒரே வேதவினா, ஒரே சங்கீதம். மேசை மட்டும் நான்கு.

பின் வரிசையில் எழுந்த குரல்

தீர்மானத்துக்கும் தனிச் சபைக்கும் இடையே ஒரு சம்பவம் நடந்தது. நம் சுவிசேஷ சபைகளில் எழுப்புதல் பற்றிப் பேசும்போது 1860ஆம் ஆண்டு வூஸ்டர் எழுப்புதலைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வூஸ்டர் கேப் மாகாணத்தின் ஓர் ஊர். ஆயர் இளைய ஆண்ட்ரூ மர்ரே. ஜெபத்தைப் பற்றிய அவர் புத்தகங்கள் தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்களுக்கு அந்நியமானவை அல்ல. அந்த 1857 தீர்மானத்துக்கு வாசகம் தந்தவர் அவருடைய தகப்பனார், மூத்த ஆண்ட்ரூ மர்ரே.

எழுப்புதல் எப்படித் தொடங்கியது என்பதற்கு அந்தக் கூட்டத்தை நடத்திய ஜே. சி. டி வ்ரீஸ் எழுதிய சாட்சி இருக்கிறது. ஞாயிறு மாலை, வாலிபர் கூட்டம். சிலர் பாட்டுச் சொல்லி ஜெபித்து முடித்திருந்தார்கள். அப்போது பக்கத்துப் பண்ணையில் வேலைக்கு இருந்த, ஏறக்குறைய 15 வயதுள்ள, கலப்பினச் சிறுமி ஒருத்தி பின்னாலிருந்து எழுந்து, தானும் ஒரு பாட்டுச் சொல்லலாமா என்று கேட்டாள். நடத்துநருக்குத் தயக்கம். கூட்டத்தார் என்ன நினைப்பார்களோ என்று யோசித்து, பிறகு சரி என்றார். அவள் பாட்டைச் சொன்னாள், உருகி ஜெபித்தாள். தூரத்தில் இடி புரண்டு வருவது போன்ற ஓசை கேட்டதாகவும் கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் ஜெபிக்கத் தொடங்கியதாகவும் அவர் எழுதுகிறார். ஆயர் மர்ரே வந்து அமைதி, அமைதி என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அந்த எழுப்புதல் கேப் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது.

இதைப் பரிசுத்த ஆவியின் செயலாகப் பார்ப்பவர்களும் இருப்பீர்கள், மக்கள் உளவியலாகப் பார்ப்பவர்களும் இருப்பீர்கள். நாம் கவனிக்கச் சொல்வது வேறு. அந்தச் சாட்சி அவளுடைய நிறத்தைச் சொல்கிறது, வயதைச் சொல்கிறது, யாரிடம் வேலை பார்த்தாள் என்பதைச் சொல்கிறது. பெயரைச் சொல்லவில்லை. எழுப்புதல் வரலாறுகளில் மர்ரேயின் பெயர் நிற்கிறது. அவள் வாயிலிருந்து தொடங்கியதாக அவர்களே ஒப்புக்கொண்ட எழுப்புதலுக்குப் பிறகும் 1857 தீர்மானம் திரும்பப் பெறப்படவில்லை. 21 ஆண்டுகளில் அவளுடைய மக்களுக்குத் தனிச் சபை கட்டிக் கொடுத்தார்கள்.

எழுப்புதலை அளக்க நமக்கு இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை பேர் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்பதோடு, உட்காரும் வரிசை மாறியதா என்றும் கேட்க வேண்டும். வூஸ்டரில் மாறவில்லை.

பழக்கம் போதனையானபோது

பழக்கம் நெடுநாள் நீடித்தால் அதற்கு ஒரு போதனை தேவைப்படும். 20ஆம் நூற்றாண்டில் அந்தப் போதனை தயாரானது. நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர், அரசு, சபை, குடும்பம், கல்வி ஆகிய ஒவ்வொரு துறைக்கும் கடவுள் தனி ஆளுகை தந்திருக்கிறார் என்று கற்பித்தவர். தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் சிலர் அந்த வரிசையில் 'இனம்' என்பதையும் சேர்த்து, ஒவ்வொரு இனமும் தனித்து வளர்வதே படைப்பின் ஒழுங்கு என்றார்கள். ஆதியாகமத்தின் பாபேல் கோபுரக் கதையில் மொழிகள் பிரிந்ததைப் பிரிவினைக்கு ஆதாரமாக்கினார்கள். 1948இல் அபார்ட்ஹைட் என்ற பெயரோடு ஆட்சிக்கு வந்த பிரதமர் டி. எஃப். மலான், அந்த டச்சுச் சீர்திருத்த சபையின் முன்னாள் போதகர். 1974இல் சபை வெளியிட்ட அறிக்கையும் தனித்தனி வளர்ச்சிக்கு வேதத்தில் இடமுண்டு என்றே வாதித்தது.

சாதிக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்னதை நாம் இங்கே நினைக்கலாம். மக்கள் கெட்ட மனத்தால் சாதி பார்க்கவில்லை. அதைப் புனிதம் என்று நம்பிப் பார்க்கிறார்கள். ஆகவே அந்தப் புனிதத்தைத்தான் தகர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட வேலையைச் சபைக்கு உள்ளேயிருந்தே செய்தார்கள்.

வெள்ளையர்களிலும் சிலர் எழுந்தார்கள். 1960இல் ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் காட்டஸ்லோவில் நடந்த சபைகளின் கலந்தாய்வில் பங்கெடுத்த பெயர்ஸ் நாடே, தன் சபை அதன் முடிவுகளைக் கைவிட்டபோதும் பின்வாங்கவில்லை. 1963இல் பிரசங்க மேடையை இழந்தார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணைக்குள் வாழ்ந்தார். அவர் பிறகு கறுப்பின மக்களின் சீர்திருத்த சபையில் உறுப்பினரானார். எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு அவர் உடலாலேயே பதில் சொன்னார்.

ஆனாலும் முடிவான சொல் மிஷன் சபையிலிருந்துதான் வந்தது. 1982 ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவாவில் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு கூடியது. தொடக்க ஆராதனையில் திருவிருந்து. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின, கலப்பின சபைகளின் பிரதிநிதிகள் சிலர் அதில் பங்குகொள்ள மறுத்தார்கள். எங்கள் நாட்டில் எங்களோடு ஒரே மேசையில் அமராதவர்களோடு இங்கே மட்டும் எப்படி அமர்வது என்பதுதான் காரணம். ஆலன் போசாக் அவர்களின் முக்கியக் குரல். அபார்ட்ஹைட் பாவம், அதற்கு வேத நியாயம் கற்பிப்பது கள்ளப் போதனை என்று அந்தப் பேரவை அறிவித்தது. இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தியது. போசாக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் மிஷன் சபையின் சினாடு கேப் டவுன் அருகே பெல்ஹாரில் கூடியது. பெல்ஹார், அபார்ட்ஹைட் சட்டங்கள் கலப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. அங்கே ஒரு விசுவாச அறிக்கையின் வரைவு எழுதப்பட்டது. எழுதிவிட்டு உடனே அவர்கள் கை தூக்கி நிறைவேற்றிவிடவில்லை. நான்கு ஆண்டுகள் சபை சபையாக அனுப்பிப் படிக்க வைத்தார்கள். நாடு அவசரநிலையில் இருந்த 1986 செப்டம்பரில் அதை ஏற்றார்கள். பெல்ஹார் அறிக்கை என்று இன்று உலகம் அறிவது அதுதான்.

அதன் உடல் மூன்று பகுதிகள்: ஒற்றுமை, ஒப்புரவு, நீதி. சபையின் ஒற்றுமை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆவியில் ஒன்று என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்கிறது முதல் பகுதி. பிறப்பின்படி மனிதரைப் பிரித்துவைத்துவிட்டு ஒப்புரவைப் பிரசங்கிப்பது ஒப்புரவை மறுப்பதே என்கிறது இரண்டாவது. கடவுள் ஒரு தனி விதத்தில் ஏழைகளின், அநீதி இழைக்கப்பட்டவர்களின் கடவுள், சபை அவர் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்கிறது மூன்றாவது. அபார்ட்ஹைட் என்ற சொல்லை அறிக்கை பயன்படுத்தவில்லை. ஆகவே அந்தச் சட்டம் போன பிறகும் அறிக்கை காலாவதியாகவில்லை. கூடவே அனுப்பிய கடிதத்தில், நாங்கள் எதிர்ப்பது ஒரு பொய்ப் போதனையை, மனிதர்களை அல்ல என்றும், இதைச் சொல்லும் நாங்களும் குற்றமற்றவர்கள் அல்ல என்றும் எழுதினார்கள்.

அவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பதே இதில் நமக்கு முக்கியம். தங்களை வெளியே அனுப்பியவர்கள் கற்றுத்தந்த அதே சீர்திருத்த மொழியில்தான் பேசினார்கள். பிறப்பால் தகுதி இல்லை, கிருபை மட்டுமே என்று நீங்கள் கற்பித்தீர்கள். அப்படியானால் நிறத்தைச் சபை உறுப்புரிமைக்கு நிபந்தனையாக்கியவர்கள் கிருபையை மறுத்தவர்கள். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் வீட்டின் பத்திரத்தைப் படித்துக் காட்டியது போல இருந்தது அது.

பலன் கிடைத்ததா? 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் வெள்ளையர் சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் தன் சார்பிலும் தன் சபை சார்பிலும் குற்றத்தை அறிக்கையிட்டார். 1994 ஏப்ரல் 14 அன்று, எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தலுக்கு 13 நாள் முன்பு, மிஷன் சபையும் கறுப்பின மக்களின் சபையும் ஒன்றாகி ஐக்கியச் சீர்திருத்த சபை ஆயின. வெள்ளையர் சபை அபார்ட்ஹைட் தவறு என்று ஒப்புக்கொண்டது. பெல்ஹாரைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி வந்தபோது அதற்குத் தேவையான ஆதரவு வட்டார சினாடுகளில் திரளவில்லை. வருத்தம் தெரிவிப்பது ஒன்று, பாதிக்கப்பட்டவன் எழுதிய அறிக்கையை நம் அறிக்கை என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதில்தான் தயங்கினார்கள்.

எழுதியவர்களையும் அந்த அறிக்கை விடவில்லை. 2008இல் போசாக், ஓரினச்சேர்க்கையாளர்களுக்கும் சபையில் முழு இடம் தர வேண்டும், பெல்ஹாரின் பொருள் அதுதான் என்று ஐக்கியச் சீர்திருத்த சபையின் சினாட்டிலேயே வாதித்தார். சினாடு ஏற்கவில்லை, அவர் பொறுப்புகளிலிருந்து விலகினார். உண்மையான அறிக்கை எழுதியவர் பக்கமும் திரும்பும்.

புதிய கால்வினியமும் பழைய கணக்கும்

இனி இன்றைய எழுப்புதலுக்கு வருவோம். அமெரிக்க சுவிசேஷ சபைகளில் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சீர்திருத்த இறையியல் புத்துயிர் பெற்றிருக்கிறது. 2006இல் காலின் ஹான்சன் இதைப் பற்றி 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழில் எழுதினார். 2009இல் 'டைம்' இதழ் உலகை மாற்றும் பத்துக் கருத்துகளில் ஒன்றாகப் 'புதிய கால்வினியத்தை'ப் பட்டியலிட்டது. ஜான் பைப்பர், டிம் கெல்லர் போன்றவர்களின் பிரசங்கங்கள் இணையம் வழியாக எங்கும் போயின. நம் பிள்ளைகளும் சென்னையிலும் பெங்களூரிலும் கைபேசியில் அவற்றைக் கேட்கிறார்கள். ஆசீர்வாத வியாபாரப் பிரசங்கங்களில் சலித்தவர்களுக்கு ஆழமான போதனை கிடைத்தது. அந்தப் பசி நியாயமானது. அதை நாம் ஏளனம் செய்யவில்லை.

ஆனால் இந்த எழுப்புதல் தன் முன்னோடியாகக் கொண்டாடும் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்று பெயரிடப்பட்ட 14 வயதுச் சிறுமியை 80 பவுண்டு கொடுத்து வாங்கியவர். இன்னொரு முன்னோடியான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, ஜார்ஜியாவில் அடிமை முறையை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். பெரும் எழுப்புதலின் இரண்டு பெரிய பெயர்கள் இவை. அதே இறையியலைப் படித்த எட்வர்ட்ஸின் சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸ், அதே நியூபோர்ட்டில் அடிமை வாணிபத்தை எதிர்த்தார். கறுப்பினப் போதகர் லெமுவேல் ஹேன்ஸ், கால்வினியக் கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டே, 1776இல் அடிமைகளின் விடுதலைக்காகக் கட்டுரை எழுதினார். அது கையெழுத்துப் படியாகவே கிடந்து 1983இல்தான் அச்சேறியது. எட்வர்ட்ஸின் நூல்கள் எத்தனை பதிப்புக் கண்டன என்று நினைத்துப் பாருங்கள். ஒரே மரபு, யாருடைய பக்கங்கள் அச்சேறின, யாருடையவை பெட்டியில் கிடந்தன என்பதில்தான் வேறுபாடு. அச்சு யாருக்குக் கிடைக்கிறது என்பதை ஒரு தலித் இலக்கிய அமைப்புக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய கால்வினியத்துக்குள் வந்த கறுப்பின இளைஞர்கள் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். 2012இல் பிராப்பகாண்டா என்ற ராப் கலைஞர், போதகர்கள் போற்றும் பியூரிட்டன்கள் தன் முன்னோரை எப்படி நடத்தினார்கள் என்று ஒரு பாட்டிலேயே கேட்டார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 50ஆம் ஆண்டில், 2018 ஏப்ரலில், மெம்ஃபிஸில் பெரிய மாநாடு கூட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் மக்கார்தர் முதலியோர், சமூக நீதிப் பேச்சு சுவிசேஷத்துக்கு ஆபத்து என்று அறிக்கை விட்டார்கள். கிருபையைப் பேசலாம், மேசையைப் பேசக்கூடாது என்பதே அதன் சாரம் என்று நமக்குப் படுகிறது. 1857இன் குரல் வேறு உடையில் வந்தது.

ஆற்காடும் மதுரையும்

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று விட முடியாது. இந்த மரபு நம் ஊருக்கும் வந்தது. அமெரிக்காவின் டச்சுச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் அந்தக் குடும்பம். வட ஆற்காட்டுக் கிராமங்களில் அந்த மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல், சாதியை விட்டுவிடுவதாக உறுதி தராதவர்களுக்குத் திருவிருந்து இல்லை என்றது. பலர் விலகிப் போனார்கள். அதற்கு முன்பே, 1833இல், ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஆலயத்தில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது தஞ்சையிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சேர்ந்து உட்காருவதும் சேர்ந்து உண்பதும்தான் அந்த நாளிலும் சண்டை.

கேப் சினாடு மேசையைப் பிரிப்பதற்குப் பத்தாண்டு முன்பே மதுரையில் அதைச் சேர்க்கப் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்டிப்பு மிஷனெரிகள் மேலிருந்து போட்ட உத்தரவு. கீழேயிருந்து எழுந்த அறிக்கை அல்ல. உத்தரவு போட்டவர்கள் கப்பல் ஏறியதும் பழையவை திரும்பின. 1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபைக்குள் சேர்ந்தது. உலகமே வியந்த ஐக்கியம். சபைப் பிரிவுகள் ஒன்றாயின. சாதிகள் ஒன்றாகவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது.

நம்மவர்கள் பேசாமல் இருக்கவில்லை. 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த சிந்தனை தலித் இறையியலாக வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், பறையும் நாட்டுப்புற மெட்டும் வைத்து வழிபாடு எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதையே திருவிருந்தின் பொருளாகக் கற்பித்தார். நூல்கள் உண்டு, பாடல்கள் உண்டு, ஆய்வேடுகள் உண்டு. இவை படிப்பறையிலும் மாநாட்டிலும் இருக்கின்றன. சபை ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசத்துக்குள் சாதி பாவம் என்ற ஒரு வரி நுழையவில்லை.

இன்னொரு முரணையும் பாருங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. அதை எதிர்த்து நாம் போராடுகிறோம், போராட வேண்டும். 2022இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் அமைக்கப்பட்டது. இந்தப் போராட்டத்தில் சபைத் தலைமைகள் அரசிடம் என்ன சொல்கின்றன? மதம் மாறினாலும் சாதி போகவில்லை, சபைக்குள்ளும் சாதி இருக்கிறது என்று சொல்கின்றன. அது உண்மை. ஆனால் அரசுக்குக் கொடுக்கும் மனுவில் ஒப்புக்கொள்வதை ஆலயத்தில் ஏன் ஒப்புக்கொள்வதில்லை? மனுவில் சாதி ஓர் ஆதாரம். பிரசங்கத்தில் சாதி இல்லை. திருமண்டலத் தேர்தலில் சாதி ஒரு கணக்கு. பாவ அறிக்கையில் மட்டும் அதற்குப் பெயர் இல்லை.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றுதான். சாதியைப் பழக்கம் என்ற பட்டியலிலிருந்து எடுத்து, விசுவாச மறுதலிப்பு என்று சபை எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் அறிக்கையைப் பேராயர் மாளிகையில் வைத்து எழுதித் தர வேண்டாம். பெல்ஹாரைப் போல, வெளியே அனுப்பப்பட்டவர்கள் முதலில் எழுதட்டும். சேகரம் சேகரமாக நான்கு ஆண்டு படிக்கட்டும். வயல் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குப் புரியும் தமிழில் அது இருக்கட்டும். நம் எழுத்தாளர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

எழுதும்போது அது நம் பக்கமும் திரும்பும் என்பதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே யார் யாரோடு சம்பந்தம் செய்கிறோம் என்று அது கேட்கும். நம் வீட்டுப் பெண்களுக்குச் சபைக் குழுவில் எத்தனை நாற்காலி என்று கேட்கும். புதிய கால்வினியம் படிக்கும் நம் பிள்ளைகளிடமும் இதையே சொல்கிறோம். படியுங்கள், கால்வினையும் படியுங்கள், எட்வர்ட்ஸையும் படியுங்கள். ஹேன்ஸையும் போசாக்கையும் அப்பாவுவையும் அவர்கள் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள். கிருபை என்ற சொல்லை நம்மிடமிருந்து யாரும் பறிக்க விட வேண்டாம். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் இல்லை என்று அந்தச் சொல் சொல்வதாக இருந்தால், அது நம்முடைய சொல்.

அமெரிக்கச் சீர்திருத்த சபை, ஆற்காட்டுக்கு ஸ்கட்டர் குடும்பத்தை அனுப்பிய அதே சபை, 2010இல் பெல்ஹாரைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக ஏற்றது. மிஷன் வயலில் எழுதப்பட்டதை, மிஷனெரிகளை அனுப்பியவர்கள் தங்கள் அறிக்கையாக எழுந்து நின்று சொன்னார்கள். அப்படியானால் ஆற்காட்டிலிருந்தும் ஒன்று எழுதப்படலாம். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் எழுதப்படலாம். அதற்கான முதல் வரைவு பற்றிய பேச்சை, இந்த நினைவு நாளின் பெயரால், இன்று பிற்பகல் அமர்விலேயே தொடங்கலாம் என்று முன்மொழிகிறோம்.